போஸ்ட்லெத்வெய்ட்டின் அப்பாக்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எழுதிய குறிப்பில் ‘இன் த நேம் ஆஃப் த ஃபாதர்’ படத்தில் அப்பாவாக வரும் பீட் போஸ்ட்லெத்வெய்ட்டைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்தப் படத்தைப் பார்த்தேன். பெயரைச் சரியாக உச்சரிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. ஸ்பீல்பெர்க்கே அவரை உலகின் மிகச்சிறந்த நடிகர் என்று சொன்னாராம். ஆனால் கடைசிவரை துணை நடிகராகவே இருந்துவிட்டார். ஒரு டைனோசர் படத்தில் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டில் அலையவிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் முகவெட்டு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். இப்படி ஒரு திறமையை வீணடித்துவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, நிஜத்தில் அந்த அப்பாவும் மகனும் ஒரே சிறை அறையில் இருக்கவில்லை என்று படித்தேன். உண்மைக் கதையில் இப்படி மாற்றலாமா?

அவருடைய படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

ஆர்.,
விருதுநகர்

அன்புள்ள ஆர்.,

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். மற்றதை அப்புறம் பேசலாம்.

துணை நடிகர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் சினிமாவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. கூட்டத்தில் நின்று கோஷம் போட்டுவிட்டு, மதியப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பேட்டாவுக்காக வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். போஸ்ட்லெத்வெய்ட்டுக்கு நம்மிடம் வேறு நல்ல சொல் இருக்கிறது. குணச்சித்திர நடிகர். குணத்தைச் சித்திரமாக வரைகிறவர். யார் உண்டாக்கிய சொல்லோ, கையெடுத்துக் கும்பிடலாம். நாம்தான் அதையும் கதாநாயகனாக முடியாமல் போனவர் என்று மாற்றி வைத்திருக்கிறோம்.

சரி, வீணடித்தது யார்? எதை? 1946ல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஓர் எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகப் போகப் படித்து, அதை விட்டு, ஆசிரியராக வேலை பார்த்து, அதையும் விட்டு, பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். எழுபதுகளில் லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கில் இருந்தார். ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் ப்ரைஸ் எல்லாம் அப்போது அங்கே கூட நடித்தவர்கள், ஒருவர் பெயரும் வெளியே தெரியாது. பிறகு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. 1977லேயே சினிமாவில் தலையைக் காட்டிவிட்டார் என்றாலும், சினிமா அவரை உருப்படியாகக் கண்டுகொண்டது 1988ல் டெரன்ஸ் டேவிஸின் ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ வந்தபோதுதான். வயது 42. ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு ஆளாக இருந்து பழகி, அதிலேயே இருபது வருஷத்தைக் கழித்த ஒரு மனிதரிடம் போய், உங்களுக்கு முகவெட்டு இல்லையே என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். அந்தக் கன்ன எலும்பும் அடிபட்டது போன்ற மூக்கும்தான் ஐயா முகவெட்டு. காமிராவுக்கு வேறு வேலையே இல்லை, அந்த முகத்தின் மேல் போய் நின்றால் போதும்.

பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி அவரிடமும் சொல்லிப் பார்த்தார்கள். மாட்டேன் என்றுவிட்டார். இந்தப் பெயரைத் தியேட்டர் வாசலில் விளக்கு போட்டு எழுதினால் கரண்ட் பில் கட்டுப்படியாகாது என்று அவரே கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். ஆகவே உங்களுக்கு இரண்டு நாள் ஆனதில் தப்பில்லை.

ஸ்பீல்பெர்க் கதையும் அப்படித்தான். அதைச் சான்றிதழ் போலச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். சம்பந்தப்பட்டவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? ‘பீட்டின் சிக்கலே, தான்தான் உலகின் சிறந்த நடிகன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்’ என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நம்மிடம் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் போஸ்டர் அடித்திருப்போம்.

அந்த டைனோசர் படத்துக்கே வருகிறேன், நீங்கள் அதைத்தானே பாவமாகப் பார்க்கிறீர்கள். 1997ல் வந்த ‘த லாஸ்ட் வேர்ல்ட்’. ரோலண்ட் டெம்போ என்ற வேட்டைக்காரர். ஒரு ஆண் டைனோசரைச் சுட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை, சம்பளம்கூட வேண்டாம் என்பார். படம் முழுக்க ஆட்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், கண்ணாடி உடைகிறது. ஓசை எழுப்பாமல் நடக்கத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். கடைசியில் மிருகம் மயங்கி விழுந்துவிடும், நினைத்தது நடந்துவிடும், வேலை தருகிறேன் என்று முதலாளி வந்து நிற்பார். கூட வந்த அஜய் என்ற நண்பனைக் காட்டில் பறிகொடுத்திருப்பார் டெம்போ. சாவோடு போதுமான அளவு இருந்தாகிவிட்டது என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் வசனமாகத்தான் இருந்திருக்கும். அவர் சொல்லும்போது வெறும் களைப்பு. ரப்பர் பொம்மைக்கு நடுவே நின்று ஒருவர் அவ்வளவு களைத்துப் போக முடிகிறது என்றால் அதற்குப் பெயர் வீணடிப்பா? கிடைத்த சம்பளத்துக்கு அதே கவனத்தோடு வேலை பார்ப்பதுதானே தொழில்? ஒரு தச்சர் கோவில் கதவும் செய்வார், கோழிக்கூடும் செய்வார். இழைப்புளியை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தீட்டுவார். கோழிக்கூட்டைக் காட்டி ஐயோ பாவம் என்றால் தச்சருக்குக் கோபம் வரும். எனக்கே வருகிறது.

நேரடிக் கதாநாயகன் என்றால் இரண்டரை மணி நேரமும் தன்னைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு அது தேவைப்படவில்லை. ‘த யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்தில் கோபயாஷி. ஜப்பானியப் பெயர், எந்த ஊர் என்றே பிடிபடாத உச்சரிப்பு, இஸ்திரி கலையாத கோட்டு. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘ஷார்ப்’ தொலைக்காட்சித் தொடரில் ஹேக்ஸ்வில் என்ற கொடூரமான சார்ஜென்ட். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்து அம்மாவோடு பேசுவான். சிரிப்பு வரும், மறுநிமிஷம் பயமாக இருக்கும். இதற்கெல்லாம் யார் வருத்தப்படுவது?

சண்டை முடிந்தது. ஒரே அறையில் இருந்தார்களா இல்லையா என்ற விஷயம்: இல்லை, படம் மாற்றியிருக்கிறது, அதற்காகத் திட்டும் வாங்கியது. இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் கடிதம் வந்த வாரம் என் அப்பாவின் திதி. ஊரில் இருந்தேன். ‘இன் த நேம் ஆஃப் த ஃபாதர்’ படத்தை யாராவது நினைவுபடுத்தக் கூடாது என்றே இருந்த சமயம். நீங்கள் சரியாக அப்போது அனுப்பினீர்கள்.

1983. ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம். பெயர் வேண்டாம், இன்னும் இருக்கிறது, வாசலில் பெரிய வளைவு கட்டியிருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டுக்காக நாங்கள் சிலர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அன்று ராத்திரி உணவுக்கூடத்துக் கண்ணாடி ஒன்று உடைந்தது. நான் உடைக்கவில்லை. உடைத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஐந்து பேரை நீக்கினார்கள், அதில் நான் ஒருவன். வீட்டுக்குத் தந்தி போய்விட்டது.

அப்பா மறுநாள் விடிகாலை வந்து இறங்கினார். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார், அது அம்மா சொல்லித்தான் பிறகு தெரியும். கையில் மஞ்சள் பை. உள்ளே ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி, எதற்கென்றே தெரியாமல் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. முதல்வரின் பெயரை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போஸ்ட் மாஸ்டரிடம் எழுதி வாங்கி வந்திருந்தார், யாரிடமாவது காட்டி அறையைக் கண்டுபிடிக்கலாம் என்று. என் சிநேகிதர்கள் எல்லாரும் வராந்தாவில் நிற்கிறார்கள். அவர் அந்தச் சீட்டைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொருவரிடமும் நீட்டுகிறார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. கிட்டே போய் ‘நீங்க எதுக்கு வந்தீங்க’ என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘முடி வெட்டலையா’ என்றார். அவ்வளவுதான். முதல்வர் அறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார். உள்ளே என்ன பேசினார் என்று சாகும்வரை சொல்லவில்லை. என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை, பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. கண்ணாடியை நான் உடைக்கவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதிமூன்று, பதினான்கு வருஷம் கழித்து ஒரு நண்பர் அறையில் வீடியோ கேசட்டில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மகனைக் குண்டு வைத்த கேஸில் பிடித்துவிட்டார்கள், வக்கீல் பார்க்க வேண்டும் என்று பெல்ஃபாஸ்ட்டிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டு வருகிறார் ஜூசெப்பே கான்லன். நுரையீரல் நோயாளி. வந்த இடத்தில் அவரையும் பிடித்து உள்ளே போட்டுவிடுகிறார்கள். இது படத்துக்காகச் சேர்த்தது இல்லை, 1974 டிசம்பரில் நடந்தது. நிஜ ஜூசெப்பே 1980 ஜனவரியில் கைதியாகவே செத்தார். மகன் விடுதலையானது 1989ல். அப்பாவின் பேரில் இருந்த தீர்ப்பை ரத்து செய்ய 1991 ஆயிற்று.

போஸ்ட்லெத்வெய்ட் அந்த நடையில் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பெரிய இடத்துக்குப் போகிற ஏழை, பயத்தை மறைக்க முதுகைக் கொஞ்சம் கூடுதலாக நிமிர்த்துவான். அதுதான். நண்பர் அறையில் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு மஞ்சள் பை ஞாபகம் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் சிறையில் அந்த மகன் வெடிப்பானே, சின்ன வயதில் ஜெயித்த ஒரே ஒரு பதக்கம், அன்றைக்கும் நீ நான் ஆட்டத்தில் செய்த தப்பைத்தானே பார்த்தாய் என்று கத்துவான். டேனியல் டே லூயிஸ் அதில் பிரமாதம் என்று எல்லாரும் எழுதினார்கள், பிரமாதம்தான். ஆனால் நீங்கள் அடுத்த முறை பார்க்கும்போது கத்துகிறவனை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாத முகம். இவன் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றும் தெரிகிறது, அது ஏன் தப்பு என்று மட்டும் இன்னும் புரியவில்லை. இரண்டும் ஒரே முகத்தில். மகன் கத்தலாம், சுவர் ஒன்று பின்னால் இருந்தால்தான். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் பதினோரு வருஷம்! அதற்கு முந்தின வருஷம் ‘த லாஸ்ட் ஆஃப் த மோஹிகன்ஸ்’ படத்தில் டே லூயிஸ் கதாநாயகன், இவர் கூட்டத்தில் ஒரு கேப்டன். மறுவருஷம் அப்பா. ஆஸ்கர் பரிந்துரை வந்தது, டாமி லீ ஜோன்ஸுக்குப் பரிசு போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை, நீங்களும் படாதீர்கள்.

இதற்கப்புறம்தான் ஒன்று கவனித்தேன். இந்த மனிதர் திரும்பத் திரும்ப அப்பாவாகவே வருகிறார்.

‘டிஸ்டன்ட் வாய்சஸ்’ அப்பா ஜூசெப்பேக்கு நேர் எதிர். டேவிஸ் தன் சொந்த வீட்டை, சொந்த அப்பாவை எடுத்திருக்கிறார். நாற்பதுகளின் லிவர்பூல். பெண்டாட்டியை அடிக்கிறான், மகளை விளக்குமாற்றால் அடிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, தூங்குகிற பிள்ளைகளைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் பரிசை வைத்துவிட்டுப் போகிறான், அந்தக் கண்ணில் ஈரம். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் துணியோடு எல்லாவற்றையும் சுருட்டி இழுத்துத் தரையில் போடுகிறான். நடுவில் ஒரு காரணமும் இல்லை. குடித்திருந்தான், வேலை போயிற்று, சின்ன வயதில் அவனையும் அடித்தார்கள், ஒன்றும் கிடையாது. போஸ்ட்லெத்வெய்ட்டும் இந்த இரண்டு ஆட்களையும் ஒட்டவைக்கவே முயற்சி செய்யவில்லை. செத்த பிறகு மகள் கல்யாணத்தன்று ஒருத்தி அப்பா இருந்திருக்கலாம் என்கிறாள், இன்னொருத்தி மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாள். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள்.

நம் படங்களில் அப்பாக்கள் கடைசி ரீலில் விளக்கம் சொல்லிவிடுவார்கள். ஒரு டைரி கிடைக்கும், இல்லை ஒரு மாமா வந்து உங்கப்பா உனக்காக என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பிப்பார், பின்னணியில் புல்லாங்குழல். மகன் அழுவான், நாமும் அழுவோம், கணக்கு நேராகிவிடும். என் அப்பாவுக்கு டைரி இல்லை. மாமா ஒருவர் இருந்தார், அவருக்கும் தெரியாது. யாருடைய அப்பா ஐயா விளக்கம் சொல்லிவிட்டுச் செத்தார்? போஸ்ட்லெத்வெய்ட் கதவைச் சாத்திவிட்டு நடிப்பார். உள்ளே விளக்கு எரிவது மட்டும் இடுக்கு வழியாகத் தெரியும். எனக்கு அவர்மேல் இருக்கிற பிரியம் முழுக்க அதற்குத்தான்.

‘பிராஸ்ட் ஆஃப்’, 1996. யார்க்ஷயர் சுரங்க ஊர். பெயரை கிரிம்லி என்று மாற்றியிருக்கிறார்கள், உண்மையில் கிரைம்தார்ப். அந்த ஊர்ச் சுரங்க பேண்டுதான் படத்துக்கும் வாசித்தது. சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்த 1992 அக்டோபரிலேயே அவர்கள் தேசியப் போட்டியில் ஜெயித்தார்கள், அடுத்த வருஷம் சுரங்கம் மூடியாகிவிட்டது. அதில் டேனி, பேண்டு மாஸ்டர். ஊரே வேலை போகிற பயத்தில் கிடக்கும், இவருக்குப் போட்டி ஒன்றுதான் கண்ணில். கடனில் மூழ்கிக்கிடக்கிற மகன் அப்பாவுக்காகவே புது டிராம்போன் வாங்குவான். இருமிவிட்டுக் கைக்குட்டையைப் பார்ப்பார், கரியாக இருக்கும். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடி குச்சியைத் தூக்குவார். அந்த மடிக்கிற விதத்தைப் பாருங்கள். கணக்குப்பிள்ளை ரசீதை மடிப்பது போல, ஓரம் ஓரமாக. ஒரு பார்வை இல்லை, பெருமூச்சு இல்லை.

ஆல்பர்ட் ஹாலில் ஜெயித்துவிட்டுக் கோப்பை வேண்டாம் என்று பேசுவாரே, அந்தப் பேச்சைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சும்பவாம்பா என்ற ஆங்கிலப் பாட்டுக் குழு தங்கள் பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் அதன் ஒரு துண்டை அப்படியே வைத்தது. சங்கீதம்தான் பெரிசு என்று நினைத்திருந்தேன், மனுஷர்களைவிடப் பெரிசில்லை என்று அந்த மனிதர் ஒப்புக்கொள்கிற இடம். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நிமிஷம். இவ்வளவு பேசிவிட்டு அவர் இறங்கிப் போவார், பின்னாலேயே பேண்டு ஆள் ஒருவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு வேடிக்கை. நிலக்கரி ஊருக்காக அப்படிப் பேசியவர், 2009ல் ‘த ஏஜ் ஆஃப் ஸ்டுபிட்’ என்ற பருவநிலைப் படத்தில் நடித்துவிட்டு, இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த்தில் புதிதாக நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால், எனக்கு நீங்கள் கொடுத்த ஓபிஇ என்ற அரசுப் பட்டத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று அரசாங்கத்தை மிரட்டினார். முரண்பாடு என்று யாராவது கடிதம் எழுதுவீர்கள். எழுதாதீர்கள், அது முரண்பாடு இல்லை, ஆனால் விளக்க எனக்கு இப்போது நேரமில்லை.

2008ல் லிவர்பூல் எவ்ரிமேனுக்கே திரும்பிப் போய் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடித்தார். அப்பாக்களில் பெரிய அப்பா, அதை நான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2010ல் ‘த டவுன்’ படத்தில் பூக்கடைக்காரர், ரோஜாக் காம்பை நறுக்கிக்கொண்டே ஒருவனிடம் அவன் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுவார், கை நிற்காது. அதே வருஷம் ‘இன்செப்ஷன்’. சாகக் கிடக்கிற கோடீஸ்வர அப்பா, மொத்தமாகச் சில நிமிஷம்தான். மகன் குனிந்து காதைக் கொடுக்கிறான், அப்பாவுக்கு ஏமாற்றம் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு வரவில்லை. பிறகு கனவுக்குள் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தத்தைக் கட்டிக் கொடுத்து மகனை அழவைக்கிறார்கள், அந்த அர்த்தம் கூலிக்கு வந்த ஆட்கள் செய்து வைத்தது. நிஜ அப்பா என்ன நினைத்தார் என்று படத்தில் யாருக்கும் தெரியாது. இதைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வெளியே வந்து வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஆறு மாதத்தில், 2011 ஜனவரி 2ஆம் தேதி, புற்றுநோயில் அவர் இறந்துபோனார். வயது 64. என் அப்பா போனதும் அதே வயதில்தான்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், மறந்தேவிட்டேன். வரிசை எல்லாம் வேண்டாம். டைனோசரிலிருந்தே ஆரம்பியுங்கள், தண்டனையாக. ‘பிராஸ்ட் ஆஃப்’ குடும்பத்தோடு பார்க்கலாம், கெட்ட வார்த்தை கொஞ்சம் இருக்கும். ‘டிஸ்டன்ட் வாய்சஸ்’ படத்துக்குச் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், லிவர்பூல் ஆங்கிலம் எனக்கே பாதி புரியவில்லை. நடுவில் நிறையப் பாட்டு வரும், எல்லாரும் கூடி உட்கார்ந்து பாடுவார்கள், அதை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.